புள்ளியில்லா வம்சம்

முதுகைத் தரையில் தேய்த்துக்கொண்டே, லாரிக்கு அடியில் நுழையும் மெக்கானிக் போல, கண்ணாடிக் கடைக்காரர் தன் வீட்டுத் தொட்டிகளுக்குக் கீழே போய்விட்டார். வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்கள் மட்டும். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தம்பி, அந்த டார்ச்சை இப்படித் தள்ளி விடுங்க. பெரியவளுக்கு வயிறு கொஞ்சம் உப்பின மாதிரி இருக்கு."

பெரியவள் என்றால் அவருடைய மகள் என்று நினைத்து முதல் தடவை நான் பதறியிருக்கிறேன். பெரியவள் விரல் நீளத்தில் ஒரு ஜந்து. பெயர் நியூட். பல்லியின் உடம்பு, தவளையின் தோல், மீனைப் போலத் தண்ணீருக்குள் குடித்தனம். இப்படி ஒரு பிராணியைச் செய்தவன் மிச்சம் மீதியை வைத்து ஒப்பேற்றியிருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும். இதை நான் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் கடையில் வைத்திருக்கும் வைரமுனைக் கத்தியை எடுத்தாலும் எடுப்பார்.

தொட்டிகளின் அடிப்பக்கமும் கண்ணாடி, அவற்றைத் தாங்கும் அலமாரித் தட்டுகளும் கண்ணாடி. ஜன்னலுக்கு வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளைக் கொண்டு அவரே ஒட்டியது. ஊரில் எல்லோரும் மீனை முன்னாலிருந்து பார்ப்பார்கள்; இவருக்குக் கீழேயிருந்து பார்த்தால்தான் திருப்தி. "முதுகுல என்ன தெரியும்? முதுகு எல்லாருக்கும் கறுப்புதான். வயித்தைப் பாக்கணும் தம்பி, வயித்தை." நல்லவேளை, வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை நின்றபடியே பார்க்கிறார்.

தெருவில் அவருக்குப் பல்லிக்காரர் என்று பெயர். கடைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்க வந்த ஒருவர், "பல்லி விக்கிற கடை இதுதானே?" என்று கேட்டுவிட்டார். கேட்டவர் கண்ணாடி இல்லாமல்தான் திரும்பிப் போனார். "பல்லியாம் பல்லி. பல்லிக்குச் செதில் இருக்கு. இதுக்கு இருக்கா? தொட்டுப் பாத்திருக்கானா அவன்?" என்று எனக்கு ஒரு மணி நேரம் வகுப்பு நடந்தது. தொட்டுப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கும் இல்லை என்பதை மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்தேன்.

நான் அவருக்கு நேர் கீழ்வீட்டில் குடியிருக்கிறேன். அவர் வீட்டுச் செய்தி எனக்கு இரண்டு வழியில் வரும். ஒன்று, அவரே சொல்வது. இன்னொன்று, மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, என் மனைவியிடம் சொல்வது. இரண்டாவது வழியில் வருவதுதான் எப்போதும் முழுசாக வரும்.

"உங்க வீட்டு ஃப்ரிட்ஜுல என்ன இருக்கும்? எங்க வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்க" என்பார் அண்ணி. மேலே ஃப்ரீசர் முழுக்கத் தண்ணீர் நிரப்பி உறையவைத்த பாட்டில்கள். இந்தப் பிராணிகளுக்கு வெயில் ஆகாது. தண்ணீர் கொஞ்சம் சூடேறினாலும் சுருண்டுவிடும். அதனால் கோடை முழுவதும் பாட்டிலை மாற்றி மாற்றித் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். கீழே காய்கறித் தட்டில் ஒரு டப்பா, அதற்குள் ஈர மண், மண்ணுக்குள் புழு. கல்யாணமான புதிதில் அண்ணி அதை ஏதோ மசாலா என்று நினைத்துத் திறந்து, அன்றைக்கே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாராம். "நான் திரும்பி வந்ததுக்கு ஒரே காரணம், பெட்டியைக் கட்டும்போது அவசரத்துல செருப்பை மறந்துட்டேன்" என்று சொல்வார். திரும்பி வந்த பிறகும் வெகுகாலம், தொட்டிகள் இருக்கும் அறை வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. பெருக்குவதுகூட வாசல் வரைக்கும்தான்.

அண்ணனுக்கு அந்த அறையில் இருப்பது பொழுதுபோக்கு இல்லை, வம்சம். பெரியவள், சின்னவள், ஒரு பெரியவன். மூன்றுக்கும் வயிறு நல்ல ஆரஞ்சு நிறம், அதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. மற்ற நியூட்டுகளுக்கெல்லாம் வயிற்றில் கறுப்புப் புள்ளி இறைந்து கிடக்குமாம். புள்ளியே விழாத இந்த வகையை அவர் மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே தலைமுறை தலைமுறையாகப் பிரித்துக் காப்பாற்றி வருகிறார். அவருக்குத் தெரிந்து இது இன்னும் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. பக்கத்து ஊர் டீச்சர் ஒருவர். போன கோடையில் அவர் வீட்டுக் குளிர்சாதனம் நின்று போய், ஒரே மத்தியானத்தில் அத்தனையும் போய்விட்டது. அன்று டீச்சர் போனில் அழுததையும், "கவலைப்படாதீங்க டீச்சர், அடுத்த குஞ்சு உங்களுக்குத்தான்" என்று இவர் சொன்னதையும் படிக்கட்டில் நின்று நானே கேட்டேன். தற்செயலாகத்தான் நின்றேன்.

நாலாவதாக ஒன்றும் அந்த அறையில் உண்டு. ஊரைவிட்டுப் போன யாரோ கொண்டுவந்து தள்ளிவிட்ட ஆண். வயிறு முழுக்கப் புள்ளி. வேண்டாம் என்று சொல்ல மனசில்லாமல் வாங்கி, மூலையில் தனித்தொட்டியில் விட்டிருந்தார். அதற்கு ஒண்டிக்கட்டை என்று பெயர்.

நியூட்டுகளின் தாம்பத்தியம் பற்றியும் எனக்கு வகுப்பு நடந்திருக்கிறது. ஆண், பெண்ணைத் தொடுவதே இல்லை. முன்னால் போய் நின்று வாலை விசிறி ஆட்டும். பிறகு தன் வித்து அடங்கிய ஒரு சின்னப் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடும். அம்மணிக்குப் பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வாள். நானும் மாதாமாதம் சம்பளத்தை அப்படித்தான் வைத்துவிட்டு நகர்கிறேன் என்று சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை. "சிரிக்கிற விஷயம் இல்ல தம்பி. ஒரு தடவை எடுத்துக்கிட்டா மாசக்கணக்கா உள்ளயே வச்சிருப்பா. அப்புறம் போடற முட்டையெல்லாம் யாரோடதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்." அதனால் நியூட் வளர்ப்பவர்களுக்குள் ஒரு கறாரான வழக்கம். அப்பன் யார் என்பதில் சந்தேகம் வந்த முட்டை நேராக ஃப்ரீசருக்குப் போகும். பொரியவிட்டால் கலப்பு யார் வீட்டுக்கெல்லாமோ போய்விடும். இதைவிடச் சின்னச் சந்தேகத்துக்கு அவர் முன்பு ஒரு தடவை ஒரு டப்பா முட்டையை உறையவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

அப்புறம்தான் அவருக்குக் குடலிறக்கம் வந்தது. ஆளுயரக் கண்ணாடியை ஒற்றை ஆளாகத் தூக்கினால் வராமல் என்ன செய்யும்? ஆபரேஷன் முடிந்து, படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மகள் வீட்டுக் கீழ்த்தளத்தில் படுக்கவைத்தார்கள். அண்ணி பகலில் அங்கே, மற்ற நேரம் இங்கே. முதல் தடவையாக அந்த அறை வாசலைத் தாண்டினார்.

படுக்கையிலிருந்தே அண்ணன் போனில் பாடம் நடத்தினார். பாட்டிலை எப்போது மாற்றுவது, புழுவை எந்த அளவுக்கு நறுக்குவது, தண்ணீரை எந்தப் பக்கமிருந்து ஊற்றுவது, ஊற்றும்போது சத்தம் வராமல் இருக்கக் கையை எப்படிச் சாய்ப்பது. எல்லாம் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நியூட் வளர்க்கிற யாரும் மற்றவரிடம் அதைச் சொல்லமாட்டார்கள். அடுப்பில் கையை வைக்காதே என்று சமையல்காரரிடம் சொல்வோமா?

அவர் உடம்பு தேறித் திரும்பி வந்த அன்று, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நான். அண்ணி முகமெல்லாம் சிரிப்பாக அறையைத் திறந்தார்.

"ஒண்ணுகூடச் சாகல. பாத்துக்குங்க. எண்ணிக்குங்க."

அண்ணன் மூலையைப் பார்த்தார். தனித்தொட்டி காலி.

"அவன் எங்கே?"

"பாவம், ஒத்தையில கெடந்து செவுத்தையே பாத்துட்டு இருந்தான். இவங்களோட சேத்து விட்டேன். அன்னைக்கே வாலை ஆட்டிக்கிட்டு என்ன குதிங்கறீங்க! இப்ப பாருங்க."

பெரிய தொட்டியில் நாலும் ஒன்றாக மிதந்தன. தண்ணீரில் தொங்கவிட்டிருந்த பிளாஸ்டிக் பைக் கீற்றுகளில் மடிப்பு மடிப்பாக முட்டை. இந்த ஜாதிப் பெண் ஒரு முட்டையை வைத்ததும் பின்னங்கால்களால் இலையை மடித்து மூடும். இலைக்குப் பதில் கீற்று. அதுவாவது பரவாயில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் வரிசையாக ஐஸ்க்ரீம் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் வெட்டியெடுத்த கீற்றுகள்.

"போட்டதை அவளே திங்க வர்றா. பெத்தவ பண்ணுற வேலையா இது? அதான் கத்தரிச்சு எடுத்துத் தனியா வச்சுட்டேன். சரிதானே?"

இது யாரும் அவருக்குச் சொல்லித் தராதது. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அவராகக் கண்டுபிடித்தது.

அண்ணன் ஒரு டப்பாவைக் கையில் எடுத்தார். எடுத்த இடத்திலேயே வைத்தார். "சரிதான்" என்றார்.

மறுநாள் கடையில் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினார். அண்ணி பத்திரிகை வாங்குவதில்லை; இதைப் படிக்கிறவர்கள் மாடியேறிப் போய்ச் சொல்லாமல் இருந்தால் போதும்.

"அத்தனையும் சந்தேகம் தம்பி. இந்த வருஷ முட்டை மொத்தமும் போச்சு. ஃப்ரீசர்ல போடணும்."

"போட வேண்டியதுதானே?"

"போடலாம். அவ தெனம் காலையில எழுந்ததும் பல்லு விளக்கறதுக்கு முன்னாடி அதைத்தான் போய்ப் பாக்கறா."

"அப்ப சொல்லிடுங்க. தெரியாமப் பண்ணுனது, புரிஞ்சுக்குவாங்க."

"புரிஞ்சுக்குவா. அதுக்கப்புறம் அந்த ரூமுக்குள்ள வருவாளா?"

ஒண்டிக்கட்டையை மட்டும், கடிக்கிறான் என்று பொய் சொல்லிப் பழைய மூலைக்கே திருப்பி விட்டார். அதற்கே வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

முட்டை பொரிந்தது. கண் வைத்த நூல்துண்டு மாதிரி, கழுத்தில் இறகு மாதிரி செவுள். அசைகிற இரையைத்தான் தின்னும் என்பதால் சோடா பாட்டிலைக் கவிழ்த்து அதில் தினமும் உப்புத்தண்ணீர்ப் பூச்சி பொரிக்கவைக்க வேண்டும். அதை அண்ணியே செய்தார். மருந்து ஃபில்லரால் ஒவ்வொரு டப்பாவிலும் சொட்டுச் சொட்டாக விட்டார். அடுத்தவன் காலைக் கடித்துத் தின்ற ஒன்றைப் பிடித்துத் தனி டப்பாவில் போட்டு, ரௌடி என்று பெயர் வைத்தார். கடிபட்டதற்குப் புதுக் கால் முளைத்தபோது மொட்டை மாடியில் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "விரல்கூட வந்துருச்சுங்க, நகம் வெட்டற அளவுக்கு இல்ல, ஆனா விரல்" என்றாராம். என் மனைவி துணியைப் பிழியாமலே காயப்போட்டுவிட்டு வந்தாள். ஃப்ரிட்ஜில் புழு டப்பாவுக்கு இடம் போதவில்லை என்று காய்கறியை வெளியே எடுத்து வைத்ததும் அண்ணிதான்.

இந்த நேரத்தில் டீச்சர் போன் செய்தார். "பாப்போம் டீச்சர், இன்னும் ஒண்ணும் சரியா..." என்று அண்ணன் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அண்ணி போனைப் பிடுங்கிவிட்டார்.

"இவர் கெடக்கறார் டீச்சர்! இருக்கு, நெறைய இருக்கு. நான்தான் பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை வாங்க, அள்ளிக் குடுக்கறேன்."

அன்று சாயங்காலம் அண்ணன் கடையில் ஒரே கண்ணாடியை மூன்று தடவை அளந்தார். நான் எனக்குத் தெரிந்த யோசனையைச் சொன்னேன். குஞ்சின் வயிற்றில் நிறம் ஏற ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் எவ்வளவோ நடக்கும். பாதிக்குப் புள்ளி விழாமலும் இருக்கலாம். கொடுத்து அனுப்பிவிட்டால் டீச்சருக்கும் சந்தோஷம், அண்ணிக்கும் சந்தோஷம்.

"டீச்சர் ஏதாவது கேட்டா, அப்ப பாத்துக்கலாம் அண்ணே."

"கேக்கவே மாட்டாங்க தம்பி" என்றார். "நான் குடுத்தா கேக்கவே மாட்டாங்க. அதுதான் கஷ்டமே."

ஞாயிற்றுக்கிழமை எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போனேன். டீச்சர் ஈரத்துண்டு சுற்றிய குளிர்ப்பெட்டியோடு வந்திருந்தார். ஒல்லியான அம்மாள். அறைக்குள் நுழைந்ததும் செருப்பை மட்டுமல்ல, குரலையும் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் பேசுகிற மாதிரி அத்தனை மெதுவாகப் பேசினார். டப்பா டப்பாவாகக் குனிந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு சுத்தமா வளத்திருக்கீங்க. எனக்கு இவ்வளவு தேறினதே இல்லை."

"எடுத்துக்குங்க டீச்சர், பாதியை எடுத்துக்குங்க" என்றார் அண்ணி. "இவனை மட்டும் விட்டுருங்க, இவன் ரௌடி. உங்க வீட்டுக்கு வந்தா உங்க பேரைக் கெடுத்துருவான்."

டீச்சர் சின்ன வலையைக் கையில் எடுத்தார். அண்ணன் சுவரோரமாக நின்றார். வயிற்றுத் தையல் மேல் ஒரு கை. எனக்கு ஒரு நிமிஷம் அவர் பேசமாட்டார் என்றே தோன்றியது. என் யோசனை பலித்துவிட்டது என்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமைகூட வந்தது.

அப்போது டீச்சர் மூலையைப் பார்த்து, "இவன் இன்னும் தனியாத்தான் இருக்கானா?" என்றார்.

"அதை ஏன் கேக்கறீங்க! நான் பாவப்பட்டு அவங்களோட சேத்து விட்டேன். நல்லாத்தான் இருந்தான். இவர் வந்து பிரிச்சுட்டாரு. நெஞ்சுல ஈரமே இல்லாத மனுஷன்."

டீச்சரின் கையில் வலை அப்படியே நின்றது. தண்ணீர் சொட்டியது. டீச்சர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் டீச்சரைப் பார்த்தார். இரண்டு பேரையும் பார்த்த அண்ணி, "என்ன?" என்றார்.

"டீச்சர்" என்றார் அண்ணன். "குஞ்சுங்களை விட்டுருங்க. அது இவளோடது."

"அட, நான்தான் குடுக்கறேன்னு சொல்றேனே!"

"நீ குடுப்பே. எனக்கு மனசு வரல. முட்டையைக் கத்தரிச்சது நீ, பொரிக்க வச்சது நீ, கால் முளைக்க வச்சது நீ. இந்தக் கூட்டம் இந்த வீட்டை விட்டுப் போகாது." பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்க பெரியவங்களைக் கொண்டு போங்க. மூணு பேரையும்."

அண்ணிக்குக் குரலே மாறிவிட்டது. "பெரியவளையா? என்னங்க பேசறீங்க? அவங்க அம்மா, அவங்க பாட்டின்னு எத்தனை காலமா... என்னைவிட அதுங்களைத்தானே..."

"தொட்டி வைக்கப் புது எடம் பாத்தீங்களே, குளிரா இருக்கா டீச்சர்?"

"கீழ்த்தளத்து அறை சார். கல்லுத் தரை. இனிமே கரண்ட் போனாலும் பயமில்லை."

"பொம்பளைங்க ரெண்டு பேரும் முட்டை போட்டுக் களைச்சிருக்காங்க. பெரியவனைச் சேக்காதீங்க. இந்த வருஷம் என்ன போட்டாலும்..." நிறுத்தினார். "அடுத்த குளிர்காலம் தாண்டட்டும். அப்புறம் சேருங்க."

"புரியுது சார்" என்றார் டீச்சர். வலையைத் துடைத்து மடித்து வைத்தார். "ரொம்ப நல்லாப் புரியுது. குஞ்சு வந்தா முதல்ல இங்கதான் வரும்."

"வரணும்னு இல்ல. இருந்தாப் போதும்."

அண்ணன் வலை போடாமல் வெறும் கையாலேயே எடுத்தார். சின்னவள், பெரியவன், கடைசியாகப் பெரியவள். பெட்டிக்குள் விடும்போது பெரியவள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவரும் உதறவில்லை, அதுவாக விடும்வரை தண்ணீருக்குள்ளேயே கையை வைத்திருந்தார். பெட்டியை நான்தான் கீழே தூக்கிக்கொண்டு போனேன். டீச்சர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டார். "அந்த அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். வாழ்க்கையில் நான் இப்படிச் சொன்ன சந்தர்ப்பங்கள் குறைவு.

டார்ச்சை மறந்துவிட்டேன் என்ற சாக்கில் திரும்ப மேலே ஏறினேன். பெரிய தொட்டியில் வெறும் தண்ணீர். அதற்கு முதுகைக் காட்டி, டப்பாக்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அண்ணி பூச்சி விட்டுக்கொண்டிருந்தார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். அண்ணன் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, தையல் இழுக்காதபடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதுல யாருக்கு முதல்ல?" என்று கேட்டார் அண்ணன்.

அண்ணி திரும்பிப் பார்க்காமல் ஃபில்லரை அவரிடம் நீட்டினார். "அந்த ஓரத்துல இருக்கானே, அவனுக்கு. ஒரு சொட்டு போதும். கையை ஆட்டாதீங்க, பயந்துருவான்."

அண்ணன் ஃபில்லரைத் தண்ணீருக்கு மேல் கொண்டுபோனார். சத்தம் வராதபடி கையைச் சாய்த்து, ஒரு சொட்டு விட்டார்.